ஒரு முழம் இறக்கு

பாடம் 7 – உரைநடை

நுழையும்முன்

சுவரில் ஒரு பொருளை மாட்டுவது எளிய வேலை. அதனை எந்த உயரத்தில் மாட்டுவது என்று முடிவு செய்வதே கடினம். நாட்காட்டியை நின்றபடி பார்க்கிறோம். நிலைக்கண்ணாடியையும் நின்றபடியே பார்க்கிறோம். தொலைக்காட்சியையோ அமர்ந்து பார்க்கிறோம். அவ்வாறு அமர்வோருள்ளும் சிலர் நாற்காலியில் அமர்வர். சிலர் தரையில் அமர்வர். இவர்கள் அனைவருக்கும் பொருந்தும் உயரத்தை எவ்வாறு அறிவது? நாக்பூரிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வந்த ஒரு தமிழ்க் குடும்பம் இவ்வினாவுக்கு விடை கண்டது. அவ்விடையை அறிய ஓர் அளவுநாடாவும் பழைய செய்தித்தாள்களும் போதுமானவையாக இருந்தன. வேறொன்றும் தேவைப்பட்டது. அது யாது என்பதைப் பாடத்தைப் படித்து அறிவோம்.

புது வீடு

அக்குடும்பத்தில் அறுவர். அப்பா, அம்மா, எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள், நான்கு வயது மகன், தாத்தா, ஆச்சி. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்த ஆச்சிக்கு இந்தி தெரியாது. அண்டை வீடுகளில் தமிழ் பேசுவோரும் இல்லை. தாத்தா பூங்காவுக்குச் சென்று சைகையாலேயே நண்பர்களைத் தேடிக்கொண்டார். ஆச்சிக்கு வாய்த்த தமிழ்த்துணை தொலைக்காட்சி ஒன்றே.

ஆயினும், நாக்பூர் வீட்டில் கடந்த ஓராண்டாக ஆச்சி தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். நிகழ்ச்சி தொடங்கிய கால்மணி நேரத்தில் எழுந்து உள்ளறைக்குச் சென்றுவிடுவார். கேட்டால், “எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை” என்பார். வயது ஏற ஏற ஆர்வம் குறைவது இயல்புதானே என்று வீட்டிலுள்ளோர் எண்ணிக்கொண்டனர். எவரும் மேலும் வினவவில்லை.

தில்லியில் அமைந்தது வாடகை வீடு. கூடத்தின் ஒரே ஒரு சுவரில் மட்டும் துளையிட்டுக்கொள்ள வீட்டு உரிமையாளர் இசைவளித்தார். அச்சுவருக்கு எதிரே, இரண்டரை மீட்டர் தொலைவில், சோபா போடப்பட்டது. சோபாவுக்கு முன்னால் ஆச்சியின் பத்தமடைப் பாய் விரிக்கப்பட்டது. தரையில் காலை நீட்டி அமர்ந்து பழகிய உடல் அவருடையது. எத்தனை இருக்கைகள் இருந்தாலும் அவருக்குப் பாய்தான் இருக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொலைக்காட்சிப் பெட்டியைச் சுவரில் பொருத்த ஓர் இளைஞர் வந்தார். சுவரில் மின்செருகி உயரத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் பென்சிலால் ஒரு கோடிட்டார். ஏறத்தாழ ஐந்தடி உயரம். “திரையின் நடுப்பகுதி இங்கே வரும். எல்லா வீடுகளிலும் இப்படித்தான் மாட்டுகிறோம்” என்று இந்தியில் கூறினார். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் அதனைத் தமிழில் ஆச்சிக்குச் சொன்னாள்.

ஆச்சி பாயில் அமர்ந்தபடியே அக்கோட்டை அண்ணாந்து பார்த்தார். அவருடைய வலக்கை தானாகவே பின்கழுத்துக்குச் சென்றது. வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

பாயிலிருந்து ஒரு பார்வை

மகள் அந்தக் கையைக் கண்டாள். நாடாவைக் கீழே வைத்துவிட்டு, ஆச்சியின் அருகில் பாயில் அமர்ந்து, அதே கோட்டைப் பார்த்தாள். நின்றபோது முகத்துக்கு எதிரே இருந்த கோடு, அமர்ந்தவுடன் கூரையை நோக்கி ஏறிவிட்டதுபோல் தோன்றியது. ஒரு நிமிடம் பார்ப்பதற்குள் கழுத்தின் பின்புறம் இறுகியது.

“ஆச்சி, நாக்பூரில் பாதியில் எழுந்து போனீர்களே, அது இதனாலா?”

“ஆமாம் அம்மாடி. அங்கே அலமாரிக்கு மேலே அல்லவா மாட்டியிருந்தார்கள்? பத்து நிமிடம் பார்த்தால் கழுத்து கடுக்கும். எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது, எனக்காக ஏன் மாற்றவேண்டும் என்று இருந்துவிட்டேன்.”

அப்பா தலைகுனிந்தார். “அம்மா, ஒரு சொல் சொல்லியிருக்கலாமே” என்றார்.

“நீயும் ஒரு சொல் கேட்டிருக்கலாமே” என்று சிரித்தபடி கூறினார் ஆச்சி. பிறகு பேத்தியிடம், “அந்தத் தம்பியிடம் ஒரு முழம் இறக்கச் சொல்” என்றார்.

முழம் என்னும் சொல்லை மகள் அறிவாள். கோயில் வாசலில் பூ வாங்கும்போது அம்மா சொல்லக் கேட்டிருக்கிறாள். ஆனால் அது பூவுக்கு மட்டும் உரிய சொல் என்றே எண்ணியிருந்தாள். ஆச்சி முழங்கையை மடக்கி, முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை காட்டினார். “இவ்வளவுதான் முழம். இதில் பாதி, கையை விரித்தால் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் இருப்பது, சாண். எங்கள் காலத்தில் துணியையும் பாயையும் சுவரையும் இப்படித்தான் அளந்தோம்.”

இதனை இந்தியில் எவ்வாறு சொல்வது என்று மகள் தயங்கினாள். ஆச்சி காட்டியதைப் போலவே தன் முழங்கையை மடக்கிக் காட்டினாள். இளைஞரின் முகம் மலர்ந்தது. “ஒரு ஹாத்! எங்கள் ஊரிலும் பாட்டிமார்கள் இப்படித்தான் அளப்பார்கள். சாணுக்குப் பித்தா என்று பெயர்” என்றார். ஆச்சிக்கு இந்தி தெரியவில்லை. இளைஞருக்குத் தமிழ் தெரியவில்லை. ஆனால் இருவருக்கும் முழம் தெரிந்திருந்தது.

அளவுநாடாவால் அளந்து பார்த்தனர். ஆச்சியின் முழம் 43 செ.மீ.; இளைஞரின் முழம் 47 செ.மீ. ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதே உடலளவின் குறை. அதனால்தான் அனைவருக்கும் பொதுவான அளவுகோல் தேவைப்படுகிறது. ஆனால், எவருக்காக அளக்கிறோமோ அவருடைய உடலிலிருந்தே தொடங்குவது உடலளவின் நிறை.

உயரத்தில் மாட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் தொடங்கியது. சென்னையில் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்றது. 1982இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்ற காலத்தில் வண்ண ஒளிபரப்பு வந்தது. அக்காலப் பெட்டிகள் கண்ணாடிப் படக்குழாய் கொண்டவை, கனமானவை, பின்புறம் புடைத்தவை. அவற்றைச் சுவரில் மாட்ட இயலாது. மேசையின் மீதோ, கால்களையுடைய மரப்பெட்டியிலோ வைக்கப்பட்டன. எனவே, திரையின் உயரத்தை மேசையின் உயரமே முடிவு செய்தது.

ஆச்சி முதன்முதலில் தொலைக்காட்சியைக் கண்டது ஊராட்சி மன்றக் கட்டடத்தில். வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க ஊரே திரண்டு தரையில் அமரும். முன்வரிசையில் இருப்போரின் தலை பின்வரிசையில் இருப்போர்க்கு மறைக்கக் கூடாது. ஆகையால், பெட்டி உயரமான மேடையில் வைக்கப்பட்டிருந்தது. அங்கே உயரம் தேவையாக இருந்தது. தொடர்வண்டி நிலையம், உணவகம், மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம் ஆகிய இடங்களிலும் திரைகள் உயரத்தில் உள்ளன. அங்கே மக்கள் நிற்கின்றனர், நடக்கின்றனர், ஓரிரு நிமிடங்களே பார்க்கின்றனர்.

தட்டையான திரைகள் வந்தபின் பெட்டி மேசையை விட்டுச் சுவருக்கு ஏறியது. சுவரில் எவ்வுயரத்திலும் மாட்டலாம் என்னும் உரிமை கிடைத்தது. அவ்வுரிமையைப் பயன்படுத்தும்போது, பொதுவிடத்தில் கண்ட உயரத்தையே பலர் வீட்டுக்கும் கொண்டுவந்தனர். வேறொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் தெய்வப் படங்களையும் முன்னோர் படங்களையும் தலைக்கு மேலே மாட்டுவது மரபு. அவற்றை நிமிர்ந்து நோக்குவது வணக்கத்தின் அடையாளம். அது சில நொடி நேரச் செயல். தொலைக்காட்சியை வணங்குவதில்லை; அதன்முன் மணிக்கணக்கில் அமர்கிறோம். இரண்டையும் ஒரே வரிசையில் மாட்டுவது பொருந்தாது.

கண்மட்டமே அளவு

கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்தவாறு நெடுநேரம் இருந்தால் பின்கழுத்துத் தசைகள் இறுகி வலிக்கின்றன. மேல்நோக்கிப் பார்க்கும்போது இமைகள் அகலத் திறந்திருப்பதால் கண்ணீர்ப்படலம் விரைவில் உலர்ந்து, கண் எரிச்சல் உண்டாகிறது. கண்கள் இயல்பான நிலையில் சற்றே கீழ்நோக்கியே அமைகின்றன. ஆகவே, அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ திரையின் நடுப்பகுதி இருப்பது சிறப்பு.

இதற்கு முதலில் அளக்க வேண்டியது சுவரை அன்று, மனிதர்களின் கண்மட்டத்தை. நிமிர்ந்து ‘ஒழுங்காக’ அமர்ந்து அளந்தால் தவறாகிவிடும். நாள்தோறும் எப்படிச் சாய்ந்து அமர்கிறோமோ அப்படியே அமர்ந்து அளக்க வேண்டும். மகள் ஒவ்வொருவராக அளந்து தன் குறிப்பேட்டில் எழுதினாள்.

அப்பா, சோபாவில் – 110 செ.மீ.
அம்மா, சோபாவில் – 104 செ.மீ.
மகள், சோபாவில் – 100 செ.மீ.
ஆச்சி, பாயில் – 70 செ.மீ.

தாத்தா செய்திகளை மட்டும் பார்ப்பவர்; அவரும் சோபாவில் அமர்பவர். அவர் அளவு அம்மாவின் அளவை ஒத்திருந்தது. தம்பி ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆதலால் அவனை அளக்க இயலவில்லை.

இளைஞர் முதலில் குறித்த 150 செ.மீ. உயரம் அப்பாவுக்கே 40 செ.மீ. மேலே இருந்தது. ஆச்சிக்கோ 80 செ.மீ. மேலே இருந்தது. ஆச்சி சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தொலைவில் அமர்கிறார். அவ்விடத்திலிருந்து திரையின் நடுவைக் காண அவர் பார்வையை ஏறத்தாழ 22 பாகை உயர்த்த வேண்டும். மேல்விளிம்பைக் காண 28 பாகை உயர்த்த வேண்டும். வீட்டில் நெடுநேரம் பார்ப்பதற்கு ஏறத்தாழ 15 பாகைக்கு மேல் உயர்த்தாதிருப்பது நல்லது.

கணக்கும் காகிதமும்

தொலைக்காட்சித் திரையின் அளவு அங்குலத்தில் கூறப்படுகிறது. அது திரையின் அகலம் அன்று, உயரமும் அன்று. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையுள்ள மூலைவிட்டத்தின் நீளம். இன்றைய திரைகளின் அகலமும் உயரமும் 16:9 என்னும் விகிதத்தில் உள்ளன. ஆகவே, மூலைவிட்டத்தை 0.49ஆல் பெருக்கினால் உயரமும், 0.87ஆல் பெருக்கினால் அகலமும் கிடைக்கும்.

அவ்வீட்டுத் திரை 43 அங்குலம். ஓர் அங்குலம் 2.54 செ.மீ. ஆதலால் மூலைவிட்டம் ஏறத்தாழ 109 செ.மீ. உயரம் ஏறத்தாழ 54 செ.மீ.; அகலம் ஏறத்தாழ 95 செ.மீ.

அம்மா ஒரு வழி கூறினார்: “துளையிட்ட பிறகு வருந்துவதை விட, முதலில் காகிதத்தில் பார்த்துவிடலாம்.” பழைய இந்திச் செய்தித்தாள்களை ஒட்டி 95 செ.மீ. அகலமும் 54 செ.மீ. உயரமும் உள்ள தாள் ஒன்றை உருவாக்கினர். காகிதம் போதாமல் போகவே, ஆச்சி தம் தலையணைக்கு அடியிலிருந்து பழைய தமிழ் வார இதழ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் பக்கங்கள் தாளின் நடுவில் இடம்பெற்றன.

ஆச்சி சொன்னபடி ஒரு முழம் இறக்கி, நடுப்பகுதி 107 செ.மீ. உயரத்தில் வருமாறு தாளைச் சுவரில் ஒட்டினர். அனைவரும் தத்தம் இடத்தில் அமர்ந்து கால்மணி நேரம் அதனைப் பார்த்தனர். தாளைத் தொலைக்காட்சியாக எண்ணிப் பார்ப்பது நகைப்பாக இருந்தாலும், கழுத்து உண்மையைச் சொல்லிவிட்டது. சோபாவில் இருந்தோர்க்குக் குறையொன்றும் இல்லை. ஆச்சி மட்டும், “இன்னும் நான்கு விரல்” என்றார். நான்கு விரலின் அகலம் ஏறத்தாழ 7 செ.மீ. தாள் 100 செ.மீ. உயரத்துக்கு இறங்கியது.

இப்போது ஆச்சி திரையின் நடுவைக் காண 9 பாகைக்கும் குறைவாகவே பார்வையை உயர்த்தினால் போதும். மேல்விளிம்புக்கு ஏறத்தாழ 16 பாகை. அப்பாவின் கண்மட்டத்துக்குத் திரையின் நடு 10 செ.மீ. கீழே அமைந்தது, கண்ணின் இயல்பான சாய்வுக்கு அதுவும் ஏற்றதே. இன்னும் இறக்கினால் ஆச்சிக்கு நன்மைதான். ஆனால், கீழே 60 செ.மீ. உயரமுள்ள சிறிய அலமாரி வைக்க வேண்டியிருந்தது. திரையின் அடிவிளிம்பு 73 செ.மீ. உயரத்தில் நின்றதால் அலமாரிக்கும் திரைக்கும் இடையில் 13 செ.மீ. இடைவெளி கிடைத்தது.

அப்பாவுக்கு ஓர் ஐயம் எழுந்தது. “இவ்வளவு தாழ்வாக இருந்தால் சின்னவன் கையை வைப்பானே?” ஐயம் நியாயமானது. ஆனால், சிறுவன் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினால் அவ்வுயரம் ஆச்சியின் கண்ணுக்கும் எட்டாது. சிறுவன் ஆண்டுதோறும் வளர்வான். இரண்டாண்டில் கட்டுப்பாடும் கற்றுக்கொள்வான். ஆகையால், உயரத்தைக் கூட்டாமல், திரைக்கு முன்னே அலமாரி நிற்குமாறு அமைத்து அவன் நெருங்குவதைத் தடுத்தனர். தொங்கும் கம்பிகள் அவன் கையில் அகப்படாதவாறு பிளாஸ்டிக் உறைக்குள் மறைக்கப்பட்டன. உயரத்தில் இருந்த மின்செருகியிலிருந்தும் அவ்வுறை வழியாகவே கம்பி இறக்கப்பட்டது.

துளையிடும் முன்

திரையின் நடுப்பகுதி எங்கே வரவேண்டும் என்பது முடிவாகிவிட்டது. அதனால் அவ்விடத்திலேயே துளையிடலாம் என்று கருதுவது பிழை. பெட்டியின் முதுகில் சுவர்த்தாங்கியைப் பிணைக்க நான்கு துளைகள் உள்ளன. அவை பெரும்பாலும் திரையின் நடுவுக்குச் சரியாக அமைவதில்லை. சில பெட்டிகளில் நன்கு கீழே இருக்கும். அவ்வீட்டுப் பெட்டியில் மேல் துளைகள் அடிவிளிம்பிலிருந்து 35 செ.மீ. உயரத்தில் இருந்தன. அடிவிளிம்பு 73 செ.மீ.யில் நிற்க வேண்டுமானால், அத்துளைகள் தரையிலிருந்து 108 செ.மீ. உயரத்தில் வரவேண்டும். அதற்கேற்பத் தாங்கியைச் சுவரில் வைத்துக் குறித்த பின்னரே இளைஞர் துளைக்கருவியைக் கையிலெடுத்தார்.

துளையிடும் முன் கவனிக்க வேண்டியவை பிறவும் உள.

சுவர் செங்கல்லாலோ கற்காரையாலோ ஆனதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வெற்றிடமுள்ள தடுப்புச் சுவரெனில் அதற்குரிய தனிவகைப் பிடிப்பு தேவை.

மின்செருகிக்கு நேர்மேலும் நேர்கீழும் சுவருக்குள் மின்கம்பி செல்லக்கூடும். அக்கோட்டில் துளையிடக் கூடாது.

தாங்கி சாயாமல் இருக்க ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ரசமட்டக் குழாயிலுள்ள காற்றுக்குமிழி இரு கோடுகளுக்கும் நடுவில் நின்றால் மட்டம் சரியானது.

சன்னலுக்கு நேர் எதிரே திரை இருந்தால் வெளிச்சம் அதில் பட்டு எதிரொளிக்கும். சுவரை மாற்ற இயலாதபோது திரைச்சீலை உதவும்.

ஏணியில் ஏறுவதும் மின்துளைக்கருவியை இயக்குவதும் பயிற்சி பெற்ற பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலைகள். மாணவர்கள் அளக்கலாம், கணக்கிடலாம், குறிக்கலாம்.

அறைக்கு அறை உயரம் மாறும்

100 செ.மீ. என்பது அக்குடும்பத்துக்குரிய விடை. எல்லா வீட்டுக்கும் அதுவே விடை ஆகாது. படுக்கையில் சாய்ந்து பார்ப்போரின் முகம் இயல்பாகவே மேல்நோக்கி இருக்கும். ஆதலால் படுக்கையறைத் திரை சற்று உயர்ந்திருக்கலாம். கீழ்நோக்கிச் சாயும் தாங்கி இருந்தால் மேலும் நன்று. சமையலறையில் நின்று வேலை செய்வோர்க்கு நிற்கும் கண்மட்டமே அளவு. சக்கர நாற்காலியில் அமர்பவர் இருந்தால் அவருடைய கண்மட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். திரை பெரிதானால் அதன் மேல்விளிம்பு உயர்ந்துவிடும். ஆகவே பெரிய திரையின் நடுப்பகுதியைச் சற்று இறக்க நேரிடும். தொலைவு கூடினால் அதே உயரம் குறைவான கோணத்தையே உண்டாக்கும்.

எண்கள் மாறினாலும் முறை மாறாது. யார் பார்க்கிறார், எங்கே அமர்கிறார், அவர் கண் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பிறகே சுவரில் பென்சிலை வைக்க வேண்டும். பலர் பார்ப்பதானால், மிகுதியாகப் பார்ப்பவரையும், இடம் மாறி அமர இயலாதவரையும் முதலில் கருத வேண்டும். சோபாவில் இருப்பவர் சற்றுச் சரிந்து அமர்ந்து சரிசெய்துகொள்வார். பாயில் இருப்பவர் தம்மை உயர்த்திக்கொள்ள இயலாது.

அன்று மாலை

வேலை முடிந்ததும் அம்மா அனைவருக்கும் காப்பி கொடுத்தார். இளைஞர் தம் பையை எடுத்துக்கொண்டு ஆச்சியிடம் வந்து, “மாதாஜி, உயரம் சரியா?” என்று தம் முழங்கையைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். மகள் மொழிபெயர்க்கும் முன்பே ஆச்சி தலையசைத்தார்.

புறப்படுமுன் அவர் தம் கைப்பேசியில் அக்காகிதத் தாளைப் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வீட்டில் இதனைக் காட்டப்போவதாகக் கூறினார்.

அன்று மாலை ஆச்சி தமிழ் நிகழ்ச்சி ஒன்றைத் தொடக்கம் முதல் இறுதிவரை பார்த்தார். கால்மணி நேரம் கடந்தது. அரைமணி நேரம் கடந்தது. மகள் புத்தகத்தின் மேலாக அவ்வப்போது பாயை நோக்கினாள். ஆச்சியின் இரு கைகளும் மடியிலேயே இருந்தன.

சொல்லும் பொருளும்

அண்ணாத்தல் – தலையைப் பின்னே சாய்த்து மேல்நோக்குதல்
கடுத்தல் – உளைந்து வலித்தல்
முழம் – முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை உள்ள நீளம், இரண்டு சாண்
சாண் – விரித்த கையில் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடைப்பட்ட நீளம்
கண்மட்டம் – கண் அமைந்துள்ள உயரம்
மூலைவிட்டம் – எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோடு
பாகை – கோணத்தை அளக்கும் அலகு
ரசமட்டம் – கிடைமட்டத்தைச் சரிபார்க்கும் கருவி
இசைவு – உடன்பாடு

தெரிந்து தெளிவோம்

பழைய பெட்டிகள் உண்மையிலேயே பெட்டி வடிவில் இருந்தன. இன்றைய திரை பலகைபோல் தட்டையாக இருந்தாலும் அதனைத் ‘தொலைக்காட்சிப் பெட்டி’ என்றே அழைக்கிறோம். பொருளின் வடிவம் மாறிய பின்னும் பெயர் நிலைத்துநிற்பது மொழியில் இயல்பு.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. திரையின் அளவாகக் கூறப்படும் அங்குலம் குறிப்பது ________.
(அகலம் / உயரம் / மூலைவிட்டம்)

2. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய ஆண்டு ________.
(1959 / 1975 / 1982)

3. தாங்கி சாயாமல் இருப்பதை அறிய உதவுவது ________.
(அளவுநாடா / ரசமட்டம் / துளைக்கருவி)

ஆ. பிரித்து எழுதுக.

1. தொலைக்காட்சி
2. கண்மட்டம்
3. மேல்விளிம்பு
4. அவ்வுயரம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. நாக்பூர் வீட்டில் ஆச்சி பாதியில் எழுந்து சென்றதற்கு உண்மைக் காரணம் யாது?
2. ஊராட்சி மன்றத்தில் பெட்டியை உயரத்தில் வைத்தது ஏன் பொருத்தமானது?
3. உடலளவின் நிறை, குறை ஆகியவற்றை எழுதுக.

ஈ. விரிவான விடை எழுதுக.

1. தொலைக்காட்சியை மாட்டுவதற்குரிய உயரத்தை அறியும் முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
2. “நீயும் ஒரு சொல் கேட்டிருக்கலாமே” என்று ஆச்சி கூறியதன் பொருளை விளக்குக.

உ. கணக்கிட்டு அறிக.

ஒரு வீட்டில் 55 அங்குலத் திரை வாங்கினர். அதன் நடுப்பகுதி 105 செ.மீ. உயரத்தில் வரவேண்டும். திரையின் உயரத்தைக் கணக்கிட்டு, அடிவிளிம்பும் மேல்விளிம்பும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அமையும் என்று காண்க.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ளோரின் கண்மட்டத்தை அவரவர் வழக்கமாக அமரும் இடத்தில் அளந்து பட்டியலிடுக. திரையின் நடுப்பகுதியின் உயரத்துடன் ஒப்பிட்டு, உங்கள் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.

2. வீட்டில் மூத்தவர் ஒருவர் அமரும் இடத்தில் பத்து நிமிடம் அமர்ந்து பாருங்கள். அங்கிருந்து அவருக்கு எட்டாதவை, தெரியாதவை எவை என்று குறித்து வகுப்பில் பேசுக.

3. முழம், சாண், விரல் ஆகிய அளவுகளுக்கு நீங்கள் வாழும் மாநிலத்து மொழியில் வழங்கும் சொற்களை அண்டை வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கேட்டறிந்து, தமிழ் எழுத்தில் எழுதுக.